வீட்டுச் சோறா? நாட்டுச் சாலையா?

லோக்கலா? லைனா?

நாமக்கல்லிலே, சங்ககிரியிலே, திருச்செங்கோட்டிலே, கோவை உக்கடத்து லாரிப்பேட்டையிலே, கனரக வண்டி ஓட்டும் உரிமத்தைப் புதிதாகக் கையில் வாங்கிய இளைஞன் எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. உரிமம் கொடுத்த அலுவலகம் இதைக் கேட்பதில்லை. பயிற்சி கொடுத்த பள்ளி இதைச் சொல்லித் தருவதில்லை. வாழ்க்கைதான் கேட்கிறது. வாழப்போகிறவன்தான் விடை சொல்லவேண்டும்.

லோக்கல் வண்டி என்றால், காலையிலே சாவியை வாங்கி, குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் பீளமேட்டிலும் சரக்கை ஏற்றி இறக்கி, முன்னிரவுக்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுத் திண்ணையிலே காலை நீட்டும் வேலை. லைன் வண்டி என்றால், நேஷனல் பர்மிட் பெற்ற வண்டியிலே ஏறி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, தொப்பூர்க் கணவாயைத் தாண்டி, ஓசூரைத் தாண்டி, மும்பைக்கோ டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ சென்று, அங்கே ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை காத்துக் கிடந்து, வாரங்கள் கழித்து ஊர் திரும்பும் வேலை.

வீட்டுக்குள்ளே விவாதம் எப்படி நடக்கிறது?

“கண்ணு, நீ லோக்கல்லயே ஓட்டு சாமி. ராத்திரியானா வூட்டுச் சோறு திங்கலாம். எங்கண்ணு முன்னாலயே இருப்பே” என்கிறாள் தாய்.

“அக்கா, நீ சும்மா இரு. மாப்ளே, லைன்ல ரண்டு வருசம் ஓடு. நாலு காசு பாக்கலாம், நாலு ஊரு பாக்கலாம். லோக்கல்ல ஓட்டி எவன்டா வண்டி வாங்குனான்?” என்கிறார் தாய்மாமன்.

“ரண்டு பேரு சொல்றதும் சரியாத்தானுங்க மாமா இருக்குது” என்று தலையைச் சொறிகிறான் பையன்.

சரியாகத்தான் இருக்கிறது! தாய் தூரத்தை அளந்து பேசுகிறாள். மாமன் பணத்தை அளந்து பேசுகிறார். இரண்டும் பொய்யல்ல. ஆனால், இருவருமே அளக்காத ஒன்று இருக்கிறது. அதுதான் நேரம். மகன் எத்தனை கல் தொலைவு போகிறான் என்று கேட்டார்கள், எத்தனை ரூபாய் கொண்டுவருவான் என்று கேட்டார்கள். அந்த ரூபாய்க்கு எத்தனை மணி நேரத்தை அவன் விற்கிறான் என்று கேட்கவில்லை. வீட்டார் கேட்கவில்லை என்பது வியப்பல்ல. நாடே கேட்கவில்லை! அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிடுவோம். லைன் ஓட்டும் தொழிலை இழித்துப் பேச நாம் வரவில்லை. கொங்கு நாட்டின் வரலாறு அறிந்த எவரும் அப்படிப் பேச முடியாது. வானம் பொய்த்த பூமி இது. கிணறு வெட்டினால் பாறை, பாறையை உடைத்தால் பாதாளம் என்ற மண் இது. அந்த மண்ணிலே பிறந்தவன், நிலம் தராததைச் சாலையிலே தேடினான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. அது பெருகி யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனமாயிற்று. பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்ட ஒருவர் மோட்டாரைப் பற்றிக்கொண்டு மேலே வந்த கதை அது.

அவரோடு அது நிற்கவில்லை. நாமக்கல் பகுதியிலே கிளீனராக ஏறியவன் ஓட்டுநரானான். ஓட்டுநரானவன் கூட்டாளியைச் சேர்த்து, நகையை அடகு வைத்து, தவணைக்கு ஒரு வண்டி எடுத்து உரிமையாளனானான். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எழுந்தன. சமையல் எரிவாயுவைச் சுமக்கும் புல்லட் டேங்கர்கள் நூற்றுக்கணக்கில் இங்கிருந்து புறப்பட்டன. திருச்செங்கோட்டுக்காரன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சென்று, பிறர் நிலத்திலே நீரைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். சாதியின் பேரைச் சொல்லி ஏணியை எடுத்துவிட்ட சமுதாயத்திலே, ஸ்டியரிங் ஒரு ஏணியாக இருந்தது. அதை மறுப்பவர் நன்றி கொன்றவர்.

ஆனால், தோழர்களே, ஏணி இருக்கிறது என்பது வேறு, அதன் படிகள் இருக்கின்றனவா என்பது வேறு. அன்றைக்கு ஓட்டுநர் ஒருவர் சில ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு ஒரு பழைய வண்டிக்கு முன்பணம் கட்ட முடிந்தது. இன்று வண்டியின் விலை ஏறியது, காப்பீட்டுத் தொகை ஏறியது, டீசல் ஏறியது, சுங்கச்சாவடிகள் பெருகின. ஏறாமல் நிற்பது வாடகை ஒன்றுதான் என்று ஒற்றை வண்டி வைத்திருக்கும் உரிமையாளரே புலம்புகிறார். வண்டி ஓடுகிறதோ இல்லையோ, வட்டி ஓடுகிறது! உரிமையாளர் கதியே இதுவென்றால், அவரைப் போல ஆகலாம் என்று நம்பி லைன் ஏறுகிறவனின் கதி என்ன? ‘லோக்கல்ல ஓட்டி எவன்டா வண்டி வாங்குனான்’ என்று கேட்ட மாமனை, ‘இந்தக் காலத்தில் லைன் ஓட்டி வண்டி வாங்கியவர் எத்தனை பேர், அதே வண்டியைத் தவணை கட்ட முடியாமல் விட்டவர் எத்தனை பேர்’ என்று மருமகன் திருப்பிக் கேட்கவேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இது யாருடைய சம்பளச் சீட்டும் அல்ல; எடுத்துக்காட்டுக்காக நாம் போடும் கணக்கு. எண்களை மாற்றி, அவரவர் தம் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

லோக்கல் ஓட்டுநர் ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாள் வேலை, நாளுக்கு 9 மணி நேரம். மொத்தம் 234 மணி. மணிக்கு ஏறத்தாழ 77 ரூபாய்.

லைன் ஓட்டுநருக்கு மாதம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். கேட்டவுடன் தாய்மாமன் மீசையை முறுக்குகிறார். பொறுங்கள்! வழியிலே மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், குளியல் என்று கைக்காசு 6,000 போகிறது. மிச்சம் 24,000. அதே 26 நாள்தான். ஆனால், நாளுக்கு எத்தனை மணி? ஓட்டிய நேரம், லோடு ஏற்றக் காத்த நேரம், இறக்கக் காத்த நேரம், வண்டியைக் காவல் காத்த நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் 15 மணி என்பது மிகைப்பட்ட கணக்கல்ல. மொத்தம் 390 மணி. மணிக்கு 61 ரூபாய் 50 காசு!

பை பெரிதாக இருக்கிறது. ஆனால் பணம் மலிவாகப் போயிருக்கிறது. 12,000 ரூபாய் கூடுதலாக வாங்குவதாக ஊர் நினைக்கிறது. உண்மையிலே அவன் தன் உழைப்பை மணிக்குப் பதினைந்து ரூபாய் குறைத்து விற்றிருக்கிறான். குறைத்து விற்றதோடு, தன் பிள்ளையின் முகம் பாராத இரவுகளை இலவச இணைப்பாகக் கொடுத்திருக்கிறான்.

இந்தக் கணக்கிலே கள்ளன் யார்? சாலையா? அல்ல. தூரமா? அல்ல. காத்திருப்பு! ஓட்டுநரின் நேரத்தை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. டிரிப்புக்குப் படி உண்டு, பல வண்டிகளிலே வாடகையில் பங்கும் உண்டு. கிடங்கின் வாசலிலே இரண்டு நாள் கிடந்ததற்கு என்ன உண்டு? பெரிய நிறுவனம் ‘நாளை வா’ என்கிறது. வண்டிக்கு ஹால்ட்டிங் பணம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. கேட்டுக் கிடைத்தாலும், அதிலே ஓட்டுநர் கைக்கு வருவது எவ்வளவு என்று கேளுங்கள். விடைக்குப் பதில் சிரிப்பு வரும்.

காத்திருப்பது இந்தத் தொழிலின் தலைவிதி என்கிறார்கள். தலைவிதி என்று சொல்லியே தமிழனைத் தலைகுனிய வைத்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. கோவைக்கு மேற்கே வாளையாறு இருக்கிறதே, நினைவிருக்கிறதா? கேரள எல்லையிலே வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் கல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, அங்கேயே நோய்ப்பட்டனர் ஓட்டுநர்கள். அதுவும் தலைவிதி என்றுதான் சொன்னார்கள். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது, வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன, வரிசை கலைந்தது. சுங்கச்சாவடியிலே வண்டி நின்றால் டீசல் வீணாகிறது என்றனர். 2021 பிப்ரவரியிலே பாஸ்டேக் கட்டாயமாயிற்று. டீசல் எரிகிறது என்றால் ஒரு திட்டம் பிறக்கிறது! வரி சிக்குகிறது என்றால் ஒரு சட்டம் பிறக்கிறது! கிடங்கு வாசலிலே ஓட்டுநரின் ஆயுள் எரிகிறதே, அதற்கு என்ன பிறந்தது?

பிறந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள். நேஷனல் பர்மிட் கனரக வண்டியில் இரண்டு ஓட்டுநர் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலே ஒரு விதி இருந்தது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கால் நீட்டி உறங்க, இருக்கைக்குப் பின்னே இடமும் இருக்கவேண்டும் என்றது அந்த விதி. நடைமுறையிலே அது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது வேறு கதை. ஆனாலும், ‘மனிதன் உறங்கும் பிராணி’ என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. 2018-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதே 2018-இல், சில மாதங்களுக்கு முன்னே, அச்சுப் பளு வரம்பை உயர்த்தி, வண்டி கூடுதல் எடை ஏற்றலாம் என்றும் ஆணை வந்தது. சுமையைக் கூட்டினர்; ஆளைக் குறைத்தனர். ஒரே ஆண்டிலே!

கிளீனரும் பல வண்டிகளில் இல்லாமற் போனார். விளைவு? நாமக்கல்லிலிருந்து டெல்லி 2,300 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தொலைவு முழுவதும் பல டன் எடையை இழுத்துக்கொண்டு ஒற்றை மனிதன், ஒற்றை ஜோடிக் கண்கள்.

இரயிலைப் பாருங்கள். கோவையிலே புறப்பட்டு வடக்கே செல்லும் இரயிலைக் கோவையிலே ஏறிய அதே ஓட்டுநரா கடைசி நிலையம்வரை ஓட்டுகிறார்? இல்லை. வழியிலே உள்ள பெரிய சந்திப்புகளிலே ஆள் மாறுகிறார். ஓய்வறை இருக்கிறது; ஓய்வு நேரம் இருக்கிறது; பணி நேரத்துக்குப் பதிவேடு இருக்கிறது. தண்டவாளத்திலே ஓடும் இரயிலுக்கே மாற்று ஓட்டுநர் வேண்டும் என்றால், மாடும் மனிதனும் குறுக்கே வரும் சாலையிலே ஓடும் லாரிக்கு வேண்டாமா? இரும்புப் பாதையில் ஓட்டுகிறவன் மனிதன், தார்ப் பாதையில் ஓட்டுகிறவன் மட்டும் இயந்திரமா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 5 மணி வேலை செய்தால் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் 9 மணி இடைவெளி. நெடுந்தொலைவுத் தடங்களுக்கு ஒப்புதல் பெற்று நீட்டினாலும் நாளுக்கு 10 மணிக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. படிக்கப் படிக்கத் தேன்! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இந்த நேரக் கட்டுப்பாட்டையே சுட்டியது.

பிறகு ஏன் பலிக்கவில்லை? ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே 1961-ஆம் ஆண்டுச் சட்டம் என்றார்கள். கொங்கு நாட்டிலே லாரி யாரிடம் இருக்கிறது? ஒரு வண்டிக்காரரிடமும் இரண்டு வண்டிக்காரரிடமும். வலை விரித்தார்கள், மீன்கள் கண்ணி வழியே வெளியேறும்படி விரித்தார்கள்! அந்தச் சட்டமும் 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பிலே கரைக்கப்பட்டது. அந்தத் தொகுப்பும் நாளுக்கு எட்டு மணி என்றுதான் பேசுகிறது. ஏட்டிலே எட்டு மணி. ரோட்டிலே எத்தனை மணி?

ஐரோப்பிய நாடுகளைப் பாருங்கள். அங்கே லாரி ஓட்டுநர் பொதுவாக நாளுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். அவர் ஓட்டினாரா, நிறுத்தினாரா என்பதை வண்டியில் பொருத்திய டாக்கோகிராப் என்ற கருவி பதிந்து வைக்கிறது. அமெரிக்காவிலே தொடர்ந்து 10 மணி ஓய்வெடுத்த பிறகே 11 மணி நேரம் ஓட்டலாம். அங்கெல்லாம் முதலாளிகள் இல்லையா? இலாபம் இல்லையா? போட்டி இல்லையா? எல்லாம் உண்டு. ஆனால், உறக்கம் ஓட்டுநரின் சொந்த விவகாரம் அல்ல, எதிரே வருகிறவரின் உயிர் விவகாரம் என்ற அறிவும் உண்டு. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளிலே இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளுக்கு 460-க்கு மேல்! எல்லாம் தூக்கத்தால் நேர்ந்தவை அல்ல; எல்லாம் லாரியால் நேர்ந்தவையும் அல்ல. ஆனால், இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே கண்ணிமை எவ்வளவு கனக்கும் என்பதை ஓட்டியவர் அறிவார்.

அந்தக் கண்ணிமை ஒரு நொடி மூடினால் என்ன ஆகும்? சிறை! 2023 டிசம்பரிலே நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு நேர்ந்தபின் தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் நாளே வட மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பெட்ரோல் நிலையங்கள் முன்னே வரிசை நீண்டது. 2024 ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அடிபட்டவரைச் சாலையிலே விட்டு ஓடுவதை நாம் ஆதரிக்கவில்லை, ஒருநாளும் ஆதரிக்கமாட்டோம். ஆனால் கேட்கிறோம்: ‘நாளைக் காலை ஆறு மணிக்குள் சரக்கு வந்தாகவேண்டும், ஒரு மணி தாமதித்தால் வாடகையிலே பிடித்தம்’ என்று ஆணையிட்டவருக்கு எந்தப் பிரிவு? எத்தனை ஆண்டு?

தூக்கம் ஒன்றுதானா துன்பம்? 2016 செப்டம்பர் 12-ஆம் நாள், காவிரி நீரை முன்னிட்டுப் பெங்களூரிலே வெறியாட்டம் நடந்ததே! தமிழகப் பதிவெண் தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டனவே! ஆற்று நீருக்கும் அரிசி மூட்டை ஏற்றிச் சென்ற ஓட்டுநருக்கும் என்ன வழக்கு? 2020 மார்ச்சிலே நாடு பூட்டப்பட்டபோது, முன்பின் தெரியாத மாநிலத்திலே, கடைகள் அடைத்துக் கிடந்த நெடுஞ்சாலையிலே, சோற்றுக்கும் தண்ணீருக்கும் தவித்தவர்கள் லைன் ஓட்டுநர்கள் அல்லவா? அதற்கும் முன்னே, 1990-களிலே, எய்ட்ஸ் நோய் பரவியபோது நாமக்கல் என்ற ஊரின் பேரைச் சொல்லியே ஏளனம் செய்தார்களே! வாரக்கணக்கில் மனைவி மக்களைப் பிரித்து வைத்த முறையைக் குற்றம் சொல்லாமல், பிரிந்து கிடந்தவனைக் குற்றம் சொன்ன உலகம் இது. இன்றைக்கும் ‘டிரைவருக்குப் பெண் தரமாட்டோம்’ என்று சொல்லும் வீட்டுக்குத் துவரம்பருப்பைக் கொண்டுவருகிறவன் ஒரு டிரைவர்தான்!

‘ஆகவே லோக்கலே சொர்க்கம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லோக்கலிலும் நரகம் உண்டு. அது வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. கிணத்துக்கடவுப் பக்கம் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் பாயும் டிப்பர்களைப் பாருங்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், நாலாவது நடையை ஐந்தாக்க அவன் பறக்கத்தான் செய்வான். முப்பது கல் தொலைவும் அவனுக்கு மூச்சு முட்டும் தொலைவுதான். நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை விதித்த நேரங்களிலே ஓரமாய் நிற்கவேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி கிடையாது. பல இடங்களிலே ஓட்டுநரே மூட்டை தூக்கும் ஆளாகவும், பில் கொண்டு ஓடும் ஆளாகவும், முதலாளி வீட்டுக் காய்கறி வாங்கும் ஆளாகவும் ஆக்கப்படுகிறார். ‘வீட்டுக்குத்தானே போகிறாய்’ என்று சொல்லியே படியை வெட்டுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. திருப்பூரிலே பின்னலாடை ஏற்றிய கன்டெய்னரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் விட்டுத் திரும்புவது. நாமக்கல் முட்டையைக் கேரளச் சந்தைக்குக் கொண்டுசேர்த்துத் திரும்புவது. ஓரிரவு போனால் மறுநாள் வரலாம். எரிவாயு டேங்கர் ஓட்டவேண்டுமானால் அபாயப் பொருள் ஏற்றுவதற்கான தனிப் பயிற்சி பெற்று, உரிமத்திலே அதற்கான பதிவும் பெறவேண்டும். அந்தத் தகுதிக்கு மதிப்பும் உண்டு. லோக்கல், லைன் என்ற இரண்டே சொற்களுக்குள் சிக்கிக்கொள்ளாமல், இந்த நடுத்தொலைவையும் இளைஞன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே, சாவியை வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேள், இளைஞனே! கூச்சப்படாமல் கேள். பெண் கொடுப்பவர் ஐம்பது கேள்வி கேட்கிறார். உழைப்பைக் கொடுப்பவன் ஐந்து கேட்கக்கூடாதா?

ஒன்று: மாதச் சம்பளமா, நடைக் கூலியா, வாடகையில் பங்கா? மாதச் சம்பளம் என்றால் நிதானமாக ஓட்டலாம். மற்றவை உன் காலை ஆக்சிலேட்டரிலே அழுத்தும்.

இரண்டு: காத்திருக்கும் நாளுக்கு என்ன படி?

மூன்று: வண்டியிலே உன்னோடு வருகிறவர் யார்? மாற்று ஓட்டுநரா, கிளீனரா, கடவுளா?

நான்கு: பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? இல்லையென்றால், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாட்டிலே நல வாரியம் இருக்கிறது. அதில் உன் பெயர் இருக்கிறதா?

ஐந்து: வீடு திரும்பும் நாள் எது? ‘பார்க்கலாம்’ என்பது விடையல்ல. நாள் சொல்லட்டும்.

இந்த ஐந்துக்கும் கிடைக்கும் விடையை வைத்து, நாம் மேலே போட்டதைப் போல மணிக் கணக்கைப் போடு. நமது தீர்ப்பையும் ஒளிக்காமல் சொல்கிறோம். மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள லோக்கல் வேலையோ நடுத்தொலைவு வேலையோ கிடைக்குமானால், ஊரார் சொல்லும் பெரிய தொகையைக் கண்டு மயங்காமல் அதை எடு. மணமாகாதவன், கடன் அடைக்கவேண்டியவன், நாடு பார்க்கும் ஆசையுள்ளவன் லைன் ஏறுவதானால், இரண்டாம் ஓட்டுநர் உள்ள வண்டியில் ஏறு. எத்தனை ஆண்டு என்று நாள் குறித்துக்கொண்டு ஏறு. நாள் குறிக்காமல் ஏறியவர்கள், நரைத்த தலையோடுதான் இறங்கினார்கள்.

இளைஞனுக்கு இவ்வளவு. நாட்டை ஆள்வோருக்கும் சரக்கை அனுப்புவோருக்கும் சொல்லவேண்டியது வேறு. ‘ஓட்டுநர் கிடைக்கவில்லை’ என்று லாரி உரிமையாளர்கள் அங்கலாய்க்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆள் பஞ்சம் அல்ல அது, அறப் பஞ்சம். தட்டுப்பாட்டைப் போக்க 2019-இலே எட்டாம் வகுப்புத் தகுதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். வாசலை அகலமாக்கினால் மட்டும் போதுமா? வீட்டுக்குள்ளே கூரை இருக்கவேண்டாமா? 2025 முதல் தயாராகும் புதிய லாரிகளின் ஓட்டுநர் அறையிலே குளிர்சாதனம் வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்லது, பாராட்டுகிறோம். உடல் குளிர்ந்தது. வயிறும் மனமும் குளிரவேண்டாமா?

சிறிய லாரி உரிமையாளர்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் நகரப் போவதில்லை. நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்தவர் அவர். வாடகையை நிர்ணயிப்பவர் அவரல்ல. கிடங்கின் கதவைத் திறப்பவரும் அவரல்ல. சரக்கை அனுப்பும் பெரும் நிறுவனங்களும், எண்ணெய் நிறுவனங்களும், இடையிலே நிற்கும் புக்கிங் தரகர்களும்தான் நேரத்தை ஆள்கிறார்கள். நேரத்தை ஆள்பவன் நேரத்துக்கு விலை கொடுக்கட்டும்! வண்டி வாசலுக்கு வந்து குறித்த மணி கடந்தால், காத்திருப்புப் படி ஓட்டுநர் கணக்கிலே நேராக விழவேண்டும். அது விழத் தொடங்கிய மறுநாளே கிடங்குகளின் கதவுகள் எவ்வளவு விரைவாகத் திறக்கின்றன என்று பாருங்கள்!

நெடுந்தொலைவு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற விதி மீண்டும் வரட்டும். அல்லது இரயிலைப் போல, குறித்த ஊர்களிலே ஆள் மாறும் ஏற்பாடு வரட்டும். நாமக்கல்லில் ஏறியவன் பெங்களூருக்கு அப்பால் வண்டியை ஒப்படைத்து, அங்கிருந்து வரும் வண்டியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பட்டும். அப்போது லைன் எது, லோக்கல் எது? சரக்குக்குத்தான் நெடுந்தொலைவு, மனிதனுக்கு அல்ல! சரக்கு டெல்லி போகும். ஓட்டுநர் வீட்டுக்குப் போவார். சுங்கம் வசூலிக்கும் சாலைகளிலே ஓட்டுநர் உறங்கவும் குளிக்கவும் இடம் எழட்டும். ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி வரட்டும். ஐந்து பேர், பத்துப் பேர் என்று எண்ணிப் பார்க்காமல், ஒரே ஒரு ஓட்டுநர் இருந்தாலும் அவருக்கும் எட்டு மணி என்று சட்டம் பேசட்டும்.

தாயின் சொல்லும் மாமன் சொல்லும் ஒன்றையொன்று வெட்டாத நாள் அது. கூலியை விரும்புகிறவன் குடும்பத்தை இழக்கவேண்டும், குடும்பத்தை விரும்புகிறவன் கூலியை இழக்கவேண்டும் என்பது தேர்வு அல்ல, தண்டனை. குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை எதற்கு?

லாரிகளின் பின்னே ‘ஒலி எழுப்புக’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். பின்னால் வருகிறவருக்கான குறிப்பு அது. ஓட்டுநர் தோழர்களே, அந்தச் சொல் உங்களுக்கும்தான். எழுப்புங்கள் ஒலியை! கேட்க மறுக்கும் காதுகள் கோட்டையிலே இருந்தாலும் டெல்லியிலே இருந்தாலும், அவை கேட்கும்வரை எழுப்புங்கள்!